ஒன்றை இருநூற்றைம்பத்தாறாக வாசித்த மெஷின்

இன்று ஆரியங்கோட்டில் தங்கை வீட்டுக்குப் போனேன். தங்கை மகள் ஜெஸ்ஸி, ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவள், முகம் வாடி இருந்தாள்.

"என்ன மக்கா?"

"எனக்க லேப்டாப்பில எல்லாம் ஓடுது மாமா. கம்பெனி தந்த புது மெஷின்ல ஓட மாட்டேங்குது. ஒண்ணுன்னு எழுதினா இருநூத்தம்பத்தாறுன்னு வாசிக்குது. சாயங்காலத்துக்குள்ள சரியாக்கலேன்னா வேலை வேற ஆளுக்குப் போயிரும்."

ஒரே எண்ணின் இரண்டு பைட்டுகளை ஒரு மெஷின் முன்னாலிருந்தும் மற்றது பின்னாலிருந்தும் வாசிக்குமாம்; பைட்டுகள் இடம் மாறினால் ஒன்று இருநூற்றைம்பத்தாறாகிவிடுமாம்.

இது எனக்குத் தெரியாததா?

"ஏட்டி, தமிழ்நாட்டுக் களியக்காவிளையில எனக்க இனிஷியல் பேருக்கு முன்னால. எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில பின்னால. எந்தப் பக்கம் நிக்கேன்னு பாத்துத் திருப்பிப் போடுவேன். உனக்க மெஷினுக்கும் அதைப் படிச்சுக் குடு."

"அதையாக்கும் மாமா இப்ப எழுதுதேன். கொஞ்சம் சும்மா இருங்க."

கட்டன் சாயா குடித்தபடி சும்மா இருந்தேன். மெஷின் ஓடியது! அவள் போட்ட கூச்சல் நெய்யாற்றின்கரை வரை கேட்டிருக்கும்.

"நீங்க வாறதுக்கு முன்னயே தப்பைக் கண்டுபிடிச்சாச்சு" என்கிறாள் இப்போது, நான் சொன்ன யோசனைதானே என்று கேட்டால்.

அப்படியானால் நான் வந்து உட்காரும்வரை மெஷின் ஏன் ஓடவில்லை? நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.