மூச்சைத் தேடும் மீன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் ஜெனிஷா வாய்க்கு வந்ததை அளக்கிறவள் இல்லை. போன மார்ச் மாதம், நெய்வேலியில், பட்டப்பகலில் நடந்தது இது.

துறைமுகத்துக்குள் திருட்டுத்தனமாக நீந்தி வருகிறவனைக் காட்டிக்கொடுக்க ஒரு கம்பெனி இயந்திர மீன் செய்திருந்தது. அச்சு அசல் விரால் மாதிரியே வாலாட்டிப் போகும். தண்ணீருக்கடியில் யார் மூச்சு விட்டாலும் கரையிலுள்ள திரையில் ஒரு புள்ளி விழும். 'டிக்' என்று சத்தம் கேட்கும். கைவிட்ட சுரங்கப் பள்ளம் ஒன்றில் தேங்கிக் கிடந்த தண்ணீரில்தான் சோதனை. மீன் கண்டுபிடிப்பதற்காக உள்ளே இறங்குகிற ஆள், ஜெனிஷாவின் கணவன் ஃபெலிக்ஸ். இருவருமே கான்ட்ராக்ட்.

அவன் இடுப்புக் கயிறு அவள் கையில் இருக்கும். அவள் ஒரு முறை சுண்டினால், அவனும் ஒரு முறை சுண்டுவான். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் உடனே மேலே இழுத்துவிட வேண்டும்.

மாலை 4:02. இறங்கினான். ஒரு புள்ளி. டிக்... டிக்...

4:09. இரண்டு புள்ளி.

ஜெனிஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இருப்பது ஒருத்தர்தானே! கயிற்றைச் சுண்டினாள். பதில் வந்தது. அப்பாடா, மெஷினில்தான் கோளாறு என்று இருந்துவிட்டாள். பாவி மகள், அங்கேதான் தப்பு செய்தாள்.

4:11. இரண்டாவது புள்ளி நகர்ந்தது. முதல் புள்ளியை நோக்கி... மெதுவாக...

மறுபடி சுண்டினாள். பதில் வந்தது.

4:13. இரண்டும் ஒட்டிக்கொண்டன.

டிக்டிக்... டிக்டிக்...

டிக்.

ஒரு புள்ளிதான் இருந்தது.

கயிற்றை இழுத்தாள். 4:16க்கு ஃபெலிக்ஸின் தலை தெரிந்தது. "மாதாவே!" என்று அழுதேவிட்டாள்.

"இன்னாங்க, உள்ள வேற யார்னா இருந்தாங்களா?"

"யாருமில்ல."

"கயித்த சுண்டுனது நீங்கதான?"

இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவளிடம் நீட்டினான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

"சரி, வாங்க. வூட்டுக்குப் போலாம்."

"எங்க இருக்கு?"

எப்போதும் கேலி பேசுகிறவன்தான். சிரித்துக்கொண்டே கூட்டிப்போனாள்.

மறுநாள் காலை 10:20. ரிப்போர்ட் எழுத, குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து மீனின் பதிவைத் திறந்தாள். ஒவ்வொருவர் மூச்சையும் தனித்தனியாக இனம் கண்டு மீன் எண் போட்டு வைக்கும். கரையிலிருந்த சின்னத் திரையில் எண் தெரியாது. இதில் தெரிந்தது. முதலில் இறங்கிய ஃபெலிக்ஸ், எண் ஒன்று. பிறகு வந்தது, எண் இரண்டு.

4:13க்கு நின்றுபோனது எண் ஒன்று.

கயிற்றோடு மேலே வந்தது எண் இரண்டு.

புருஷன் தண்ணீரிலேயே போய்விட்டான் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? அவன்தான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறானே.