கரட்டுக்கு வந்த புல்டோசர்

எங்கள் நிலத்துக்கு முதலில் வந்தது ஏர் இல்லை, புல்டோசர். அதுவும் அரசாங்கத்துப் புல்டோசர். "அரசாங்கம் உனக்கு என்ன செஞ்சுது?" என்று இன்றைக்கு யாராவது என்னிடம் வாயைக் கொடுத்தால், அந்த மஞ்சள் வண்டியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். கேட்டவர் பாவம், முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எழுபதுகளில் நாங்கள் குன்னத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் இருந்தோம். அப்பா, அம்மா, நான் மூவருமே ஊர்ப் பண்ணையில் கூலி. எனக்குப் பதினெட்டு வயது இருக்கும். களை பறிப்பதில் என்னை முந்த ஆள் கிடையாது என்று கர்வம் வேறு. எங்கள் வம்சத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. நிலமில்லாதவர்களுக்குப் புறம்போக்கைப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று சேதி வந்தபோது அப்பா நம்பவில்லை. அம்மாதான் யாரையோ பிடித்து மனு எழுதி வாங்கி, பெரம்பலூர் தாசில்தார் ஆபீஸுக்கு பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஓடைக்கரையை ஒட்டி ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா வந்தது.

நிலம் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அது கரடு. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் ஓடைக்குள் இறங்கும் பள்ளம், நடுவில் சீமைக்கருவேல். எங்கே கொத்தினாலும் சுண்ணாம்புக்கல். சில கற்களை உடைத்தால் உள்ளே நத்தைச் சுருள் இருக்கும். "நத்தையே கல்லாப் போன எடத்துல நீங்க என்னத்த வெளைய வைக்கப் போறீங்க?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேலி பேசினார்கள்.

பட்டாவில் ஒரு நிபந்தனை இருந்தது. சொன்ன கெடுவுக்குள் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கூலி வேலை முடிந்து வந்து பொழுது சாயும்வரை மூவரும் கல் பொறுக்கினோம். ஒரு மழை பெய்தால் போதும், அடியிலிருந்து புதுக் கற்கள் தலைகாட்டும். கெடுவில் பாதிக்கு மேல் போன பிறகும் நாங்கள் சுத்தம் செய்திருந்தது ஒரு களத்து மேட்டளவுதான்.

அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்காரர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். "அந்தக் கரட்ட வச்சிகிட்டு ஏன்டா அல்லாடுற? என்கிட்ட வுட்டுடு. பேரு உன் பேருலயே இருக்கட்டும், வெள்ளாமைய நான் பாத்துக்குறேன்" என்றார். அப்பாவுக்குச் "சரிங்கய்யா" சொல்லியே பழகின வாய். அங்கேயே தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அன்று அம்மா போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"அவரு பாத்துக்குவாருன்னா நான் எதுக்கு அந்த ஆபீஸ் வாசல்ல கால்கடுக்க நின்னேன்? கல்லாவே கெடக்கட்டும். அது என் கல்லு."

அந்தப் பேச்சு அதோடு நின்றது. மறுவாரம் ஊருக்குள் வந்த கிராம சேவக்கை அம்மா பாதையிலேயே மறித்துவிட்டாள். ஒன்றிய ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்து, விதை, உரம் என்று விவசாயிகளுக்கு யோசனை சொல்கிறவர் அவர். சொல்வதெல்லாம் கிணறு வைத்திருப்பவர்களுக்குத்தான். எங்கள் தெருப் பக்கம் அவர் சைக்கிள் திரும்பியதே இல்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்றைக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆனால் அம்மா கேட்டதும் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, முள்ளுக்குள் நடந்து வந்து முழு நிலத்தையும் பார்த்தார்.

"இது கையால ஆவுற காரியம் இல்லீங்கம்மா. வேளாண்மைப் பொறியியல் ஆபீஸ்ல நிலத்த சமன்படுத்த புல்டோசர் அனுப்புறாங்க. உங்கள மாதிரி சின்ன விவசாயிங்களுக்கு செலவுல பெரும்பகுதிய அரசாங்கமே ஏத்துக்கும். மனு போடுங்க" என்றார்.

அம்மா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். விவசாயி என்று அவர் யாரைச் சொல்கிறார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பேண்ட் போட்ட ஓர் ஆள் அவளை "நீங்க" என்றதும் அதுதான் முதல் தடவை.

மனு போட்ட மறுநாளே வண்டி வந்துவிடுமா? வரிசை நீளம். சிறுவாச்சூர் அம்மனுக்கு ஒரு திங்கட்கிழமை, பொறியியல் ஆபீஸுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை என்று அம்மா முறைவைத்து அலைந்தாள். இரண்டு இடத்திலும் கூட்டம்தான். அம்மன்கூடச் சீக்கிரம் கண் திறந்துவிடுவாள் போலிருந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள் அது வந்தே விட்டது. மெயின் ரோடு வரை லாரியில், அங்கிருந்து வண்டிப்பாதையில் கடகடவென்று ஊர்ந்து. ஊரே வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் நடந்தது. அப்பா அதன் முன்பக்க இரும்புத் தகட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் பூசி, சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பெரிய கட்டிச் சூடத்தை ஏற்றப் போனார். "பெரியவரே, சூடத்த டீசல் டேங்க் பக்கம் கொண்டு வராதீங்க! எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று டிரைவர் இறங்கியே ஓடிவிட்டார்.

கிராம சேவக்கும் வந்திருந்தார். மேல்மண்ணை முதலில் வழித்து ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் மேட்டை வெட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "ரெட்டை வேலை சார், எனக்கு அடுத்த ஊரு காத்துக்கிட்டு இருக்கு" என்று டிரைவர் முணுமுணுத்தார். "இருக்குற கொஞ்சம் நல்ல மண்ணையும் அடியில போட்டுப் பொதைச்சிட்டா இவங்க எதுல வெதைப்பாங்க?" என்று சேவக் வண்டிக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டார். வண்டி முதலில் மண்ணை ஒதுக்கியது. பிறகு மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளியது. கல் நொறுங்கும் சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. கடைசியில் ஒதுக்கிய மண்ணைத் திரும்பப் பரப்பி, ஓடைப் பக்கம் வரப்பு கட்டிக் கொடுத்துவிட்டு அந்த டிரைவர் மகராசன் போனார். எங்கள் மூன்று பேரின் ஆயுசுக்கும் பொறுக்கினாலும் தீராத கல் அது.

ஆடியில், விதை டிப்போவிலிருந்து சேவக் வாங்கிக் கொடுத்த கடலையைப் போட்டோம். முளைத்த பிறகு மழை கண்ணாமூச்சி காட்டியது. கெடு அந்தப் போகத்தோடு முடிகிறது. செடி காய்ந்தால் பட்டாவும் காய்ந்த மாதிரிதான். அப்பா மறுபடியும் பண்ணைக்காரர் வீட்டுப் பக்கமே பார்க்க ஆரம்பித்தார். நல்லவேளை, அவர் போவதற்குள் மழை வந்துவிட்டது.

ஐப்பசிக் கடைசியில் கடலை பிடுங்கினோம். அன்றைக்குத்தான் தாலுகா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நிலத்தைப் பார்க்க வந்தார். அதிகம் பேசாத மனிதர். நாலு எல்லையும் நடந்தார். ஒரு செடியைப் பிடுங்கிக் காயை எண்ணாமல் கையில் தூக்கிப் பார்த்தார். ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு ஏதோ எழுதினார்.

"சாகுபடி ஆயிடுச்சுன்னு எழுதிட்டேன். இனிமே இத யாரும் எடுத்துக்க முடியாது" என்றார். அப்பா அவரைக் கும்பிட்டார். 

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அதுவரை குனிந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்து வரப்புக்கு வந்தாள். இன்ஸ்பெக்டருக்கு எதிரே நின்று, இடுப்பு மடியை அவிழ்த்து, இரண்டு தரம் உதறிக் காட்டினாள். முந்தானையையும் விரித்துக் காட்டினாள்.

"என்னம்மா, எதாவது தொலைஞ்சு போச்சா?" என்றார் அவர்.

நான்தான் சொன்னேன், கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன்: "பண்ணையில கடலை ஆஞ்சிட்டுக் கரையேறும்போது இப்படி உதறிக் காட்டிட்டுத்தான் சார் போவணும். காய எடுத்து ஒளிச்சி வச்சிருக்கோமான்னு பாப்பாங்க."

அவர் அம்மாவைப் பார்த்து, "இது உங்க நிலம்மா. இங்க உங்கள சோதிக்க எனக்கே அதிகாரம் கெடையாது" என்றார்.

தாசில்தார் ஆபீஸ் வாசலில் நின்றபோதும், கையில் ரத்தம் கட்டக் கல் சுமந்தபோதும் அழாத என் அம்மா, விரித்த முந்தானையைப் பிடித்தபடியே வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அப்பா என்ன செய்வது என்று தெரியாமல் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். பட்டா எழுதிக் கொடுத்தது, வண்டி அனுப்பியது, விதை கொடுத்தது எல்லாவற்றுக்கும் நான் அரசாங்கத்துக்கு நன்றி சொல்வேன். ஆனால் அந்த மனிதர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்றைக்கும் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குவியலிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மடியை நிரப்பினாள். முடிச்சு தாங்காத அளவுக்கு நிரப்பினாள். ஓடை வழியே போனால் வீடு பக்கம். அவள் பண்ணைக்காரர் வீடு இருக்கும் பெரிய தெரு வழியாகத்தான் நடந்தாள், அவசரமே இல்லாமல். மடியிலிருந்து கடலை வழிநெடுகச் சிந்திக்கொண்டே போனது. அவள் குனிந்து ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை.