மூன்று மணிப் பதநீர்

பினாங்கில் பாலை ஆணியடித்துத் திறக்கிறார்கள். நான் வந்து சேர்ந்த முதல் வாரம், சாயாக்கடை மைதீன் அண்ணாச்சி ஒரு சின்னத் தகர டப்பாவை மேசைமேல் வைத்து, அதன் தலையில் ஆணியை நிறுத்திச் சுத்தியலால் அடித்தார். இந்தப் பக்கம் ஓர் ஓட்டை, அந்தப் பக்கம் ஓர் ஓட்டை. பால் பசைபோல இறங்கியது. அந்த டப்பா மூன்று நாள் அங்கேயே திறந்து கிடந்தது, பால் திரியவில்லை. காயல்பட்டினத்திலிருந்து வந்து வெகுகாலமான அவருக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது. எங்கள் ஊர் ஏரலில் காலையில் கறந்த பால் பொழுது சாயும்வரை நிற்க இரண்டு தடவையாவது காய்ச்ச வேண்டும். இப்போது ஆறு வருஷம் ஆகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது. கப்பலேறி வந்த நம்மவர் எல்லோருக்கும் இது பழகியிருக்கும். ஆனால் ஒரு பொருள் கெடாமல் இருந்தால் ஏன் கெடவில்லை என்று கேட்கும் வழக்கம் எனக்கு நடுவில் வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். கொழும்புத் துறைமுகத்தில் கரி சுமந்தேன், மலைத்தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடைபோட்டேன், காய்ச்சலில் இரண்டு மாதம் கிடந்தேன், எழுந்ததும் பினாங்குக்கு வந்தேன். இங்கே ஒரு சர்பத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் சீன முதலாளி அதை நடத்துகிறார். சர்க்கரைப் பாகு, வாசனை எண்ணெய், சிவப்புச் சாயம், கடைசியில் ஒரு வெள்ளைத் தூள். பீப்பாயின் மேல் ஒட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன்: சாலிசிலிக். அதைப் போட்டால் சர்பத் வருஷக்கணக்கில் புளிக்காது. தூளைக் கையால் அள்ளிப் போட்டு, தொட்டிக்குத் தொட்டி ருசி பார்ப்பது என் வேலை. முதல் வாரமே விரல் நுனித் தோல் வெங்காயத் தோல்போல உரிந்தது. வயிறு எரிந்தது, காதுக்குள் இரைச்சல் கேட்டது. "துப்பிவிடு, விழுங்காதே" என்றார் மேஸ்திரி. துப்பினேன், இரைச்சல் நின்றது. தவுக்கே மட்டும் ஒரு நாளும் சர்பத் குடித்து நான் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் எப்போதும் ஒரு தேநீர்க் கெண்டி இருக்கும். ஒரு தடவை, நீங்கள் ஏன் சர்பத் குடிப்பதில்லை என்று கெண்டியையும் தொட்டியையும் காட்டி எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். எனக்குத் தாகம் என்று நினைத்துக்கொண்டு அன்போடு ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஐந்தாம் வருஷம் ஊருக்குப் போக விடுப்புக் கேட்டேன். கிடைத்தது. நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலில் திருநெல்வேலி வந்து, மாட்டுவண்டியில் ஏரல் போய்ச் சேர்ந்தேன். பெட்டியில் ஆறு பால் டப்பாவும், ஒரு புகையிலை டப்பா நிறைய அந்த வெள்ளைத் தூளும் இருந்தன. என் அக்கா அன்னாள் ஆறு மாதக் கர்ப்பிணி. இதற்கு முன் பெற்ற இரண்டும் தங்கவில்லை. அத்தான் தேவசகாயம் பனையேறி. விடியுமுன் பதநீர் இறக்கி ஆற்றுத்துறையில் கொண்டுபோய் விற்பார். உச்சிப்பொழுதுக்கு மேல் அது கெடத் தொடங்கும் என்பதால், விற்காமல் மிஞ்சியதை அக்கா அடுப்பிலேற்றிக் கருப்பட்டி காய்ச்சுவாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த அனலில் நின்று துடுப்புப் போட்டுக் கிண்டுவாள். அத்தானுக்கு அதுதான் தாளவில்லை. "மிச்சமே இல்லாம வித்துத் தொலைஞ்சா அவ அடுப்புகிட்ட நிக்காண்டாம், மாப்ளே" என்றார்.

எனக்கு உடனே தூள் டப்பா நினைவுக்கு வந்தது. "இந்தத் தூளப் போட்டா பொழுதடைஞ்சாலும் புளிக்காது, அத்தான். சுண்ணாம்பு மாதிரின்னு வச்சுக்கிடுங்க" என்று கொடுத்தேன். கப்பலில் போய் வந்தவன் பேச்சுக்கு வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. நானும் அதை அனுபவித்தேன். விரல் உரிந்ததையும் காது இரைந்ததையும் நான் சொல்லவில்லை. மறைக்க நினைத்தேன் என்றில்லை. பழகிப்போனதால் சொல்லத் தோன்றவில்லை. மறுநாளே கால் நிற்காமல் கிளம்பிவிட்டேன். திருநெல்வேலி டவுணில் தேர்வீதி சுற்றினேன், கொற்கையில் பள்ளித் தோழன் வீட்டில் தங்கினேன். திரும்பி வர இருபது நாள் ஆகிவிட்டது.

வந்த அன்று பிற்பகல் நேராக ஆற்றுத்துறைக்குப் போனேன். அத்தான் கலயங்களுக்கு நடுவில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். "வாரும்வே! மணி மூணு. ஒரு சொட்டுப் புளிப்பு இருக்கான்னு சொல்லும்" என்று ஓலைப்பட்டையில் ஊற்றினார். காலைப் பதநீர்போலவே தித்தித்தது. பக்கத்தில் நின்ற வண்டிக்காரர், "ஏ தேவசகாயம், அந்தத் தூள்ல ஒரு சிட்டிகை எனக்கும் தாரும். எம் மாமியா வாய்ல போடுதேன். அவ பேச்சாவது புளிக்காம இருக்கட்டும்" என்றார். துறையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தூள் என் ஊரில் வேலை செய்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டில் அக்கா நிழலில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. நான் கூப்பிட்டது அவளுக்கு மூன்றாம் தடவைதான் கேட்டது.

"சத்தமாப் பேசுலே. காதுக்குள்ள வண்டு கெடந்து குடையுத மாதிரி இரையுது. பத்து நாளாச்சு. வயிறும் எரியுது. புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும்னு மருத்துவச்சி சொல்லுதா."

எனக்குத் தொழிற்சாலையின் முதல் வாரம் நினைவுக்கு வந்தது. "சாயங்காலம் என்ன குடிக்கே, அக்கா?"

"என்னத்த? அத்தான் கொண்டார பதனிதான். ரெண்டு செம்பு. புள்ளைக்குக் குளுமைல்லா."

அத்தான் வந்ததும் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து விரல் நுனியும் உரிந்திருந்தன. எவ்வளவு தூள் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் அளந்து போடவே இல்லை. பனையேறிகள் பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவுவார்கள். அத்தானும் சுண்ணாம்பு மாதிரி என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, தூளைத் தண்ணீரில் குழைத்துக் கலயம் முழுவதும் விரலால் பூசியிருக்கிறார். பினாங்கில் ஒரு பெருந்தொட்டிக்குப் போடுவது இங்கே நாலைந்து கலயத்துக்குள் இறங்கியிருக்கிறது.

உண்மை முழுவதையும் அப்போதுதான் சொன்னேன். அத்தான் உரிந்த விரல்களை விரித்துப் பார்த்தார். பிறகு, "சுண்ணாம்பு மாதிரின்னு நீருதான சொன்னீரு?" என்றார்.

"ஆமா அத்தான். பாதிதான் சொன்னேன்."

"மிச்சப் பாதிய எங்கவே வச்சிருந்தீரு?"

அத்தான் கலயங்களைக் கொல்லைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக உடைத்தார். மண் உறிஞ்சியதைக் கழுவ முடியாது என்றார். டப்பாவில் மிஞ்சிய தூளை நான் ஆழக் குழிதோண்டிப் புதைத்தேன்.

மறுநாள் காலையில் துறைக்கு நானும் போனேன். அத்தான் கூசாமல் எல்லோரிடமும் சொன்னார்: "நேத்துவரைக்கும் எங்கிட்டக் குடிச்சதுல யாருக்காச்சும் காது இரைஞ்சா, வயிறு எரிஞ்சா, அது என் தப்பு. இனி அந்தத் தூளு கெடையாது." இரண்டு பேர் ஏசினார்கள். ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார். வண்டிக்காரர் மட்டும், "எனக்கு ஒண்ணும் செய்யல. எனக்கு அந்த மூணு மணிப் பதனிதான்வே வேணும்" என்று சண்டை பிடித்தார். "மூணு மணிக்கு இனி இங்கன கருப்பட்டிதான் கெடைக்கும். பதனின்னா காலைல வாரும்" என்றார் அத்தான்.

கருப்பட்டியை நான்தான் காய்ச்சினேன். அக்காவை அடுப்புப் பக்கம் விடவில்லை. விடுப்பு முடிந்து கப்பல் போய்விட்டது, நான் போகவில்லை. ஊரில் கால் நிற்காத நான் அந்தத் தடவை ஒரே இடத்தில் நின்றது அந்த அடுப்பின் முன்தான். கிண்டிக்கொண்டே யோசிப்பேன். சுண்ணாம்பும் நாம் சேர்ப்பதுதானே, பதநீர் கேட்டதா என்ன? ஆனால் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்து முதலில் அத்தானுக்குத்தான் தெரியும். தூள் கூடினால் நாக்குக்குத் தெரிவதில்லை, பத்து நாள் கழித்து வேறொருத்தி காதில் தெரிகிறது. இதற்குமேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. அக்காவின் காது ஐந்தாம் நாள் தெளிந்தது. ஆனால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று யாரிடம் கேட்பது? மூன்று மாதம் அந்தக் கேள்வியோடுதான் துடுப்புப் போட்டேன். ஆடியில் பெண் பிறந்தது. மருத்துவச்சி குளிப்பாட்டிக் கிடத்தியதும் நான் குனிந்து அதன் காதருகே கையைத் தட்டினேன். பிள்ளை திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்து வீறிட்டது. "பச்சப் புள்ளைய ஏம்லே பயங்காட்டுத?" என்று அக்கா வைதாள். அவளுக்குக் கேட்கும்படி அழுதது பிள்ளை. பிள்ளைக்குக் கேட்டதற்காக அழுதேன் நான்.

திரும்பி வந்தபோது தவுக்கே முறைத்தார், ஆனாலும் வேலை கொடுத்தார். வேறு வேலை தேடியிருக்கலாம். தேடவில்லை, சோறு இதில்தான் இருக்கிறது. ஓர் அளவுக் கரண்டி வேண்டும் என்று கேட்டேன். தூளை மிச்சம் பிடிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு மகிழ்ந்து தானே கடைக்குப் போய் வாங்கி வந்தார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன்பு கை போன போக்கில் கொட்டியதில் பாதிகூட இப்போது போவதில்லை. சர்பத்தும் கெடவில்லை.

போன வாரம் அக்காவிடமிருந்து ஓலைப்பெட்டி வந்தது. பிள்ளை நடக்கிறதாம், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதாம். பெட்டியில் எட்டுக் கருப்பட்டி இருந்தது. வேலை விட்டு நேராகச் சாயாக்கடைக்குப் போய், பெட்டியைத் திறந்து, ஒன்றை மேசைவிளிம்பில் தட்டி உடைத்து ஒரு துண்டை வாயில் போட்டேன். மைதீன் அண்ணாச்சி பால் டப்பாவில் ஆணியை நிறுத்தியபடியே முகம் சுளித்தார்.

"என்னவே, இடக்கையால திங்கீரு?"

நான் வலக்கையை விரித்துக் காட்டினேன். கரண்டி வந்த பிறகும் தூள் தொடும் விரல் நுனிகள் வெள்ளையாக உரிந்திருந்தன. அவர் பார்த்துவிட்டு ஆணியை அடித்தார். நான் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் இன்னொரு துண்டு எடுத்தேன். பல்லில் கொஞ்சம் சுண்ணாம்பு நறநறத்தது.