முளையடித்துச் சாய்த்த மரம்

மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்கத்தில் கல் அள்ளிக்கொண்டிருந்த நாளில் எனக்கு ஒரே ஆசை, மரம் வெட்டும் கூட்டத்தில் சேர்ந்துவிட வேண்டும். இருட்டில் இறங்கி இருட்டில் ஏறுகிறவன் தன் வீட்டைக்கூட வெளிச்சத்தில் பார்க்க முடியாது, பாருங்கள். சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம் வெட்டுகிறவர்களுக்கோ காடும் வெயிலும்.

அந்தக் கூட்டத்து மேஸ்திரி ஒரு சீனத்துத் தச்சர். பினாங்கில் நம் ஆட்களோடு பழகித் தமிழ் கற்றவர். பிறர் பேச்சைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கமாயிற்றே. மரம் வெட்டுவதற்கு உங்கள் ஊரில் என்ன சொல் என்று கேட்டேன்.

"ஃபத் முக்" என்றார்.

பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த என் மச்சான் விடவில்லை. "மேஸ்திரி, நானும் அதான் பண்றேன்!"

"இல்லே. அது செத்த கட்டே."

கிளை கழித்தாலும் அந்தச் சொல் ஆகாதாம். நிற்கிற மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்க வேண்டும். குச்சியால் மண்ணில் சீன எழுத்தில் எழுதியும் காட்டினார்: முதலில் ஓர் ஆளும் ஆயுதமும், அடுத்தாற்போல் கிளையும் வேருமாக ஒரு மரம்.

"அந்த ஆளு நானா இருக்கட்டுமே, மேஸ்திரி."

சிரித்துக்கொண்டே கூர்சீவிய ஒரு முளைக்குச்சியைக் கொடுத்தார். அவர் கூட்டத்தில் சேர அதுதான் பரீட்சை. மரம் விழும் இடத்தை நாமே சொல்லி அங்கே முளையடிக்க வேண்டும். விழுகிற மரம் அதை மண்ணுக்குள் இறக்க வேண்டும். தப்பினால் மறுபடி சுரங்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியோடும் மச்சானோடும் காட்டுக்குப் போனேன். கூழ்ச்சட்டியோடு என் மனைவியும் வந்தாள். நாற்பது அடி தள்ளி முளையடித்தேன். முளை இருந்த பக்கம் மரத்தின் அடியில் திறந்த வாய்போல வெட்டி எடுத்துவிட்டு, மறுபக்கம் சற்று மேலே வெட்டினேன்.

"மாமா, முளெ ஓடிடப் போவுது, கட்டிப் போடு!" என்றான் மச்சான்.

மரம் முனகியது, சாய்ந்தது. தூசி அடங்கியதும் எல்லோரும் கிளைகளுக்குள் புகுந்து தேடினோம். முளையைக் காணோம். மேஸ்திரி படுத்துக்கொண்டு விழுந்த மரத்தின் கீழே கையை விட்டார், தடவினார், எழுந்து சட்டையைத் தட்டினார்.

"முளே எறங்கிடுச்சு, தலே மட்டும் வெளியே இருக்கு. நாளைக்கு ஷாப்ட்டுலே எறங்க வேணாம். இங்கே வா."

மச்சான் என்னைத் தோளில் தூக்கிவிட்டான். என் மனைவி கூழை ஊற்றியபடி என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாய்யா, வெயில்ல பாத்தா நீ இவ்ளோ கறுப்பா? இனிமே தெனம் பாக்கணுமே!"