மூடிய அச்சுக்குள் பார்ப்பவள்

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மெல்ல அழுத்தி, விரலிடுக்குகளை உற்றுப் பார்த்தபடியே நடந்து வருவாள். எதிரில் ஆள் வந்தாலும் தெரியாது. நார் கலந்த பிசின் துண்டுகளை அச்சில் வைத்து அழுத்தித் தகடு செய்யும் பட்டறையில் அவளுக்கு ‘ஜோசியக்காரி’ என்று பெயர். சூடான அச்சு மூடியபின் உள்ளே பிசின் எந்தப் பக்கம் ஓடும், அதோடு போகும் நார்கள் எப்படித் திரும்பும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

பெயர் வைத்தவர் போர்மேன். இருபத்திரண்டு வருடமாக அச்சு மூடுகிறவர். உள்ளே நடப்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம் என்பது அவர் கட்சி.

செயற்கைக் காலுக்கான பாதத்தகடு அடிக்கடி நடுவில் விரிசல் விட்டது. அதைச் சோதனைக்கு மாட்டியிருந்த, ஒரு காலை இழந்த தபால்காரர் ஒருவர் படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் திரையை விட்டு நகரவில்லை. ஒன்பதாம் நாள், தகட்டின் அதே அளவில் படம் வரைந்த ஒரு தாளோடு போர்மேனிடம் வந்தாள்.

“அண்ணே, விரல் பக்கம் ஒண்ணு, குதிகால் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு துண்டு வைக்கிறீங்க. ரெண்டும் உருகி ஓடிவந்து நடுவுல முட்டுது. நாரெல்லாம் கைகோக்காம, சண்ட போட்ட பங்காளிங்க மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது. ஒரே துண்டா குதிகால் பக்கம் வைங்க.”

“உள்ள போயிப் பாத்துட்டு வந்தியாம்மா?”

“பழையபடியே வச்சு, பாதியில நிறுத்தித் தொறங்க. இதுல வரஞ்ச மாதிரி இல்லன்னா நான் வாயே தொறக்கல.”

முழுதாக மூட மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போது போர்மேன் இயந்திரத்தை நிறுத்தினார். பாதி நிரம்பிய தகட்டை எடுத்துத் தாள்மேல் வைத்தார். இடப்பக்கம் நாக்குபோல் நீண்டிருந்த விளிம்பு, வலப்பக்கம் சின்னப் பள்ளம், நடுவே வளைந்த இடைவெளி எல்லாம் கோடு பிசகாமல் பொருந்தின. ஆயிரக்கணக்கான முறை மூடிய அச்சின் உட்புறத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

“எம்மா, நீ ஜோசியக்காரி இல்ல. பிசினோட கூடவே ஓடிப் பாத்தவ,” என்றார் தாழ்ந்த குரலில்.

ஒரே துண்டில் செய்த தகட்டைச் சோதனை இயந்திரத்தில் இருபது லட்சம் முறை வளைத்தும் விரிசல் காணவில்லை. அதைப் பொருத்திக்கொண்டு தபால்காரர் பட்டறைப் படிகளில் ஏறினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவள் மட்டும் தரையில் மண்டியிட்டு, தகடு வளைந்து நிமிர்வதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். மூட்டுவலிக்காரப் போர்மேன் படியின் கைப்பிடியைப் பற்றி மெல்லக் குனிந்து, அவளருகே தானும் மண்டியிட்டார்.