நூற்று நாற்பது பச்சைப் புள்ளிகள்

தார்வாடில் எங்கள் ஆஸ்பத்திரி ஐந்து மாடி. கூரையெங்கும் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து ஒட்டியதுபோல நூற்று நாற்பது வைஃபை பெட்டிகள். அத்தனையையும் தரைத்தளத்து அறை ஒன்றில் உட்கார்ந்தபடி ஒரே திரையில் ஆட்டிவைப்பவர் சிவபுத்ரா. எந்தப் பெட்டி எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் உத்தரவு. நன்றாக இருந்தால் பச்சைப் புள்ளி, கெட்டுப்போனால் சிவப்பு. பதினொரு வருடமாக அந்தப் புள்ளிகள் அவரை ஏமாற்றியதில்லை. அதனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் பழக்கமே அவரிடம் அற்றுப்போயிருந்தது. தொப்பை அதற்குச் சாட்சி.

தசரா வருகிறதென்றால் எங்கள் ஊரில் ஒரு சுவரும் தப்பாது. அந்த வருடமும் ஆயுத பூஜைக்கு முன்னால் ஆஸ்பத்திரி முழுக்க வெள்ளையடித்தார்கள். மேஸ்திரி மல்லேஷி நல்ல மனுஷன். பெட்டிகளில் பெயிண்ட் சொட்டக்கூடாதென்று எல்லாவற்றையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, ஒரு மூலையில் குவித்துவைத்து, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொடுத்தார்.

“எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு சுத்து பார்த்துடலாமா சார்?” என்று கூப்பிட்டார்.

சிவபுத்ரா திரையைப் பார்த்தார். நூற்று நாற்பதும் பச்சை. “இங்கேயே தெரியுதே மேஸ்திரி,” என்று சொல்லிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பெட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. எந்தக் கூரைக்குப் போனாலும் அந்தப் பெயரையும் அதற்கிட்ட உத்தரவையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். புறநோயாளிகள் கூடத்துப் பெட்டிகளுக்கு மாலை ஆறு மணிக்கு உறங்கும்படி உத்தரவு. மின்சாரம் மிச்சம் பிடிக்கச் சிவபுத்ரா செய்த ஏற்பாடு அது, பாராட்டும் வாங்கியிருந்தார். அவற்றில் இரண்டை மல்லேஷி மூன்றாம் மாடியில், பச்சிளங்குழந்தைகள் வார்டில் மாட்டியிருந்தார். வார்டின் பெட்டிகள் இரண்டும் கீழே கூடத்தில் தொங்கின.

வெள்ளையடிப்புக்காக வேறு வார்டுக்குப் போயிருந்த எட்டுக் குழந்தைகளும் அன்று மதியம்தான் திரும்பி வந்திருந்தன. ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு கருவி. குழந்தைக்கு மூச்சு தடுமாறினால் அது வைஃபை வழியாகச் செய்தி அனுப்பும், வெளியே நர்ஸ் மேஜையில் இருக்கும் டப்பா கத்தும். கருவியின் சொந்தச் சத்தம் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்காது.

ஆறே கால் இருக்கும். சிவபுத்ரா பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. அந்த வார்டு ஆயா கங்கவ்வா.

“சிவண்ணா, எங்க டப்பா சத்தமே போடல.”

“இங்க பச்சையாத்தானே இருக்கு. பிள்ளைங்க நல்லா இருந்தா அது ஏன் கத்தணும்?”

“எட்டும் ஏழு மாசத்துல பொறந்ததுங்க. அதுங்க கால் மணி நேரம் சேர்ந்தாப்புல ஒழுங்கா இருந்ததே கிடையாது. நீங்க உங்க பச்சையைப் பாருங்க, நான் பிள்ளைங்களைப் பார்க்கிறேன்.”

பட்டென்று வைத்துவிட்டாள். ஆயாவுக்கு வந்த கோபத்தைப் பார் என்று சிரித்துக்கொண்டே சிவபுத்ரா திரையைத் தட்டினார். வார்டுப் பெட்டிகள் இரண்டும் பச்சை. கீழே சிறிய எழுத்தில் ஒரு கணக்கு: இணைந்திருக்கும் கருவிகள், பூஜ்யம். எட்டு இருக்க வேண்டிய இடம் அது. பஜ்ஜி கையில் இருந்தபடியே ஓடினார்.

மூன்று மாடி ஏறி மூச்சிரைக்கக் கதவருகே வந்தபோது, ஐந்தாம் தொட்டிலில் கங்கவ்வா குனிந்து ஒரு குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டு வந்த நர்ஸ் முகத்தருகே பிராணவாயுக் குழாயைப் பிடித்திருந்தாள். குழந்தையின் உதடு நீலம். சிவபுத்ராவுக்குச் சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அப்புறம் குழந்தை பூனைக்குட்டிபோல அழுதது. அவரும் அழுதார்.

உடனே கீழே ஓடி, வார்டில் உறங்கிக்கிடந்த கூடத்துப் பெட்டிகள் இரண்டையும் திரையில் எழுப்பினார். அப்புறம் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் தானே போய் நின்றார். “மேஸ்திரி மேல தப்பில்ல சார். நடந்து பார்க்காம கையெழுத்துப் போட்டவன் நான்தான்.” நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு நாள் ஏணியும் கையுமாக அலைந்து நூற்று நாற்பதையும் அதனதன் இடத்தில் மாட்டினார்.

விஜயதசமிக்கு வன்னி இலை கொடுத்து, பொன்னாக இருப்போம் என்று சொல்லிக்கொள்வது எங்கள் வழக்கம். எல்லோரும் முதல் இலையைக் கண்காணிப்பாளருக்குக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். சிவபுத்ரா மூன்றாம் மாடி ஏறி, கங்கவ்வா கையில் இலையை வைத்துக் காலைத் தொட்டார்.

“ஐயோ, என்ன பண்றீங்க? ஆயா காலைப் போய்த் தொடுறீங்களே, யாராவது பார்த்தா?”

“பார்க்கட்டும். நீங்க மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தா, நான் எங்க போய் நின்னிருப்பேன்?”

“உங்க பேச்சை யாரு கேட்டா,” என்று இலையைத் தலையில் செருகிக்கொண்டாள்.

கங்கவ்வா ஓய்வுபெற்று நான்கு வருடமாகிறது. திரையில் பெட்டிகளுக்கெல்லாம் மாடி எண், அறை எண் என்று முறையான பெயர்கள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஒன்றுக்கு மட்டும் ‘கங்கவ்வா’. தணிக்கைக்கு வந்தவர்கள் மாற்றச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் சொன்ன மற்றதையெல்லாம் மாற்றினார், அதை மாற்றவில்லை. அந்தப் புள்ளி பச்சையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் தினமும் ஆறு மணிக்குச் சிவபுத்ரா எழுந்து, மூன்று மாடி ஏறி, குழந்தைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்.