இட்லிப்பூ வேலியை மொட்டையடித்த நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் நடந்தது இது. புக்கிட் காத்தில் பக்கம் ஒரு தனியார் அனைத்துலகப் பள்ளியில் தோட்டக்காரனாகச் சேர்ந்து எனக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆங்கிலம், சீனம், தாய்லாந்து மொழி என மூன்றிலும் பாடம் நடக்கும் பள்ளி. சுங்கை ஊடாங் பக்கம் வேலைக்கு வந்திருந்த தாய்லாந்துக்காரர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படித்தார்கள். எனக்கு அந்த மூன்றில் எதுவும் சரியாக வராது. அதனால் என்னிடம் எல்லாரும் மலாயில்தான் பேசுவார்கள்.

நான் முன்பு வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதுக்காரனை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? ஆறு மாதம் அலைந்த பிறகு கிடைத்த வேலை இது. வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள்ளேயே, சமையலறைக்காக நட்டு வைத்திருந்த செராய் என்கிற எலுமிச்சைப்புல்லைக் காட்டுப்புல் என்று வெட்டித் தள்ளி, தலைமையாசிரியை அம்மாவிடம் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை, மறுநாள் ஏதோ பெரிய விழா, பெற்றோர்கள் வருகிறார்கள் என்று காவலாளி சொன்னார். என்ன விழா என்று கேட்கத் தோன்றவில்லை. நல்ல பேர் வாங்க இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று புல் வெட்டும் மெஷினைத் தூக்கினேன். மண்டபத்தைச் சுற்றியிருந்த புல்லை வழித்தெடுத்தேன். இட்லிப்பூ வேலி செக்கச்செவேல் என்று பூத்துத் தாறுமாறாக நின்றது. அதையும் மட்டமாக வெட்டிச் சதுரமாக்கினேன். வெட்டிய பூவையெல்லாம் குப்பை லாரியிலும் ஏற்றி அனுப்பிவிட்டேன். எட்ட நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மத்தியானம் தாய்லாந்து வகுப்பு டீச்சர் இருபது பிள்ளைகளோடு வந்தார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சின்னத் தட்டு. வேலியைப் பார்த்ததும் டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு குட்டிப் பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியையும் வந்துவிட்டார்.

"அங்கிள், யார் வெட்டச் சொன்னா?" என்று மலாயில் கேட்டார்.

"யாரும் வெட்டாதேன்னும் சொல்லலியே மேடம். சுத்தமாத்தானே பண்ணியிருக்கேன்?" என்றேன் நான், வீராப்பாக.

பிறகுதான் விஷயம் புரிந்தது. மறுநாள், பிள்ளைகள் ஆசிரியர்களை வணங்கும் நாளாம். அதற்காகவே இரண்டு வாரமாக யாரும் அந்தப் பூவில் கை வைக்காமல் காத்திருக்கிறார்கள். டீச்சர் கைப்பேசியில் படம் காட்டினார். தட்டில் மூன்று பொருள் கட்டாயம் இருக்க வேண்டும். இட்லிப்பூ மொட்டு ஊசி மாதிரி இருப்பதால் அது கூர்மையான புத்திக்கு. அடுத்தது ஒரு புல், போட்ட இடமெல்லாம் படர்கிற மாதிரி படிப்பும் படர. கடைசியாகக் கத்தரிப்பூ, அது தலை குனிந்தே பூப்பதால் பணிவுக்கு. அந்தப் புல்லைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. அது நம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகம்புல்.

"நாளைக்குக் காலை எட்டு மணிக்கு மூன்றும் இங்கே இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். "இல்லாவிட்டால் உங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்" என்றார் தலைமையாசிரியை.

எங்கள் வீடு ரெம்பியாவில். சாயங்காலம் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை நேராக அங்கிருக்கும் கோயிலுக்கு விட்டேன். அங்கே வேலி நிறைய இட்லிப்பூ, வாய்க்கால் ஓரமெல்லாம் அறுகம்புல். ஆனால் சாமிக்கு வளர்த்த பூ. தயங்கித் தயங்கி ஐயரிடம் கேட்டேன்.

"நாளைக்கு வியாழக்கிழமை, குருவோட நாளு. பிள்ளைங்க வாத்தியார கும்பிடத்தானே கேக்குற? பறிச்சிக்கோ லா" என்றார். நான் கையை நீட்டியதும் அதட்டினார். "இப்ப இல்ல! பொழுது சாஞ்சிருச்சி, இனி செடிய தொடக்கூடாது. விடிஞ்சதும் வா."

கத்தரிப்பூவுக்கு என் மனைவியின் தோட்டம்தான் கதி. "ஏங்க, பூவ எல்லாம் பறிச்சிட்டா காய் எங்கேர்ந்து வரும்? பேசாம எங்கிட்ட கத்துக்கிட்டுப் போய் அங்க வேல பாருங்க" என்று பிடிபிடியென்று பிடித்தாள். ஆனாலும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, ஒவ்வொரு பூவாகக் கிள்ளி ஈரத்துணியில் வைத்துக் கொடுத்தது அவள்தான்.

விடிந்ததும் கோயிலில் பூவும் புல்லும் பறித்துக்கொண்டு, எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூடையோடு பள்ளியில் போய் நின்றேன். டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் நாள் அழுத குட்டிப் பெண் அறுகம்புல்லை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

விழாவை மண்டபத்து வாசலில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் முழங்காலிலேயே நகர்ந்து போய், தட்டைக் கொடுத்து, ஆசிரியர்கள் காலருகே தலை தாழ்த்தி வணங்கினார்கள். தலைமையாசிரியை என் பக்கம் வந்து, "நல்ல வேலை செய்தீர்கள் அங்கிள்" என்றார். வேலை தப்பியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனதில் ஒன்று உறுத்தியது. ஓடினேன், கெஞ்சினேன், பூவைக் கொண்டு வந்தேன். ஆனால் அந்த டீச்சரிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் நான் சொல்லவே இல்லை.

கூடையின் அடியில் ஒரு கத்தரிப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அந்த டீச்சர் முன்னால் நின்ற ஆறு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றேன். என் முறை வந்ததும் மண்டியிட்டேன். முழங்கால் படக்கென்று சத்தம் போட, பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "என் தப்புதான் டீச்சர், மன்னிச்சிடுங்க" என்று மலாயில் சொன்னேன். அவர் பதறி நாற்காலியை விட்டு இறங்கி, தானும் தரையில் மண்டியிட்டு என்னைக் கும்பிட்டார்.

என் மகள் வயதுப் பெண்ணிடம் தலை குனிந்ததில் என் மரியாதை ஒன்றும் குறையவில்லை. அன்று எழுந்தபோது நெஞ்சில் இருந்த நிம்மதிக்காகவே, இன்றும் தப்பு என்னுடையது என்று தெரிந்தால் காரணம் தேடாமல் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.